அச்சு எந்திரத்தைக் கண்டு கம்பெனி பயந்தது ஏன்? ஹைதராபாத் ரெசிடென்ட் சார்லஸ் மெட்காஃபின் கதை

நீங்கள் ஹைதராபாத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால், நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க சார்மினார் பக்கம் சத்தா பஜாருக்கு ஒரு முறையாவது போயிருப்பீர்கள். போகாதவர்கள் ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். உருது, தெலுங்கு, ஆங்கிலம் என்று எல்லா எழுத்திலும் கல்யாணக் கார்டு மாதிரிகள் தொங்கும். வடிவமைப்பு கம்ப்யூட்டரில், அச்சு ஆஃப்செட்டில். ஆனால் இந்த மாதிரி அச்சுத் தெருக்களில் கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்த்தால், ஒரு மூலையில் கறுப்பு இரும்பில் ஒரு பழைய ட்ரெடில் மெஷினை இன்னும் பார்க்கலாம். புத்தகத்தைத் திறந்து மூடுகிற மாதிரி அதன் இரண்டு பலகைகள் திறந்து திறந்து மூடும். ஒன்றில் எழுத்து அல்லது வெட்டும் டை. மற்றது வெறும் தட்டை இரும்பு. அந்தத் தட்டையான பலகைக்கு அச்சுக்காரர்கள் வைத்த பெயர் பிளேட்டன்.

இப்போது அதில் செய்தி அச்சாவதில்லை. கார்டை மடிக்கக் கோடு போடுவது, ஓரம் வெட்டுவது, பில் புக்குக்கு நம்பர் அடிப்பது, தங்க ஃபாயில் ஒட்டுவது என்று சில்லறை வேலைதான். டி-ஷர்ட்டில் படம் ஒட்டும் ஹீட் பிரஸ், பிளைவுட் ஆலையில் மரத்தாள்களை அடுக்கி அமுக்கும் பெரிய பிரஸ் எல்லாமே இதே தட்டையின் உறவுக்காரர்கள்தான்.

இவ்வளவு சாதுவான ஒரு பொருளை ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்ததற்காக, சுமார் 200 வருடங்களுக்கு முன்பு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி தன் மேலிடத்திடம் திட்டு வாங்கினார். பின்னாளில் அதே ஹைதராபாத்தில் அதே பதவியில் உட்கார்ந்த இன்னொருவர், அந்த பயத்தையே சட்டத்திலிருந்து தூக்கி எறிந்தார். அதற்கு விலையும் கொடுத்தார். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு அவர் பெயர் ஒரு மதிப்பெண் கேள்வியாகத் தெரியும்: இந்தியப் பத்திரிகைகளை விடுவித்தவர், சார்லஸ் மெட்காஃப். அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் மனிதர் அவ்வளவு எளிமையானவர் இல்லை.

நிஜாமுக்கு வந்த மூன்று பொருட்கள்

முதலில் அந்தத் திட்டு வாங்கியவர். தாமஸ் சிடன்ஹாம், 1805 முதல் 1810 வரை ஹைதராபாத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட். அப்போது நிஜாம், சிக்கந்தர் ஜா. ஐரோப்பியர்களின் அறிவியல் சாமான்களைப் பார்க்க நிஜாம் ஆசைப்பட்டார். சிடன்ஹாம் மூன்று பொருட்களை வரவழைத்தார்: காற்றை உறிஞ்சி எடுக்கும் ஒரு பம்ப், ஒரு போர்க்கப்பலின் மாதிரி, ஓர் அச்சு எந்திரம். மெட்காஃபின் வாழ்க்கை வரலாற்றை 1854ல் எழுதிய ஜான் கே இந்தச் சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார்.

போர்க்கப்பல் மாதிரியைப் பற்றி கல்கத்தா கவலைப்படவே இல்லை. அச்சு எந்திரம்தான் உறுத்தியது. உள்நாட்டு மன்னர் ஒருவர் கையில் இவ்வளவு ஆபத்தான கருவியைக் கொடுக்கலாமா என்று மேலிடத்திலிருந்து கண்டிப்பு வந்தது. நிஜாமுக்கு அதில் துளியும் ஆர்வம் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று சிடன்ஹாம் பதில் எழுதினார். அப்படியும் நிம்மதி இல்லையென்றால், பொருள் கிடக்கும் கஜானா அறையிலேயே அதை உடைத்துப்போட ஏற்பாடு செய்யலாம் என்ற ரீதியில் சமாதானமும் சொன்னார்.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த எந்திரம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், கல்கத்தாக்காரர்கள் பயந்தது ஒன்றும் முட்டாள்தனம் இல்லை.

தட்டை என்ன செய்கிறது?

அந்தக் காலத்துக் கை அச்சு எந்திரத்தை மனதில் கொண்டுவாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மரச் சட்டம். நடுவில் மேசை மாதிரி ஒரு படுக்கை. அதன் மேல் ஈய எழுத்துகளை வரிவரியாகக் கோத்து இறுக்கி வைத்திருப்பார்கள். ஒருவர் எழுத்தின் மேல் மை தடவுவார். இன்னொருவர் ஈரப்படுத்திய தாளை மடிப்புச் சட்டத்தில் வைத்து மூடி, படுக்கையை உள்ளே தள்ளுவார். மேலே திருகில் தொங்கிக்கொண்டிருக்கும் கனமான தட்டை. நீளக் கம்பியைப் பிடித்து இழுத்தால் திருகு சுழன்று தட்டை கீழே வந்து அமுக்கும். கம்பியை விட்டால் மேலே போகும். தாளை எடுத்துக் காயப் போட வேண்டியதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தட்டை ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்கிற எல்லா எழுத்தையும் அமுக்க வேண்டும். பரப்பு கூடினால் தேவைப்படும் பலமும் கூடும். மரத்தால் செய்த எந்திரத்தில், ஒரு மனிதனின் கை பலத்தில், முழுத் தாளையும் ஒரே இழுப்பில் பதிக்க முடியாது. அதனால் தட்டை தாளில் பாதி அளவுதான் இருந்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு இழுப்பு. தட்டை எங்காவது லேசாகக் கோணினால் ஒரு மூலையில் எழுத்து மங்கும், இன்னொரு மூலையில் தாள் கிழியும். அதைச் சரிக்கட்ட பின்பக்கம் மெல்லிய காகிதத் துண்டுகளை ஒட்டிப் பேக்கிங் கொடுப்பார்கள். ட்ரெடில் ஓட்டுபவர்கள் இன்றும் அதைச் செய்கிறார்கள். 1800 வாக்கில் இங்கிலாந்தில் ஸ்டான்ஹோப் பிரபு முழுக்க இரும்பில் ஓர் எந்திரம் செய்தார். நெம்புகோல்களைச் சேர்த்ததால் முழு அளவுத் தட்டை, ஒரே இழுப்பு என்றானது.

வேகம்? இரண்டு பேர் சேர்ந்தால் மணிக்கு 250 தாள், ஒரு பக்கம். இதுதான் பழைய அச்சுக்கூடங்களில் பேசப்பட்ட கணக்கு. எட்டு மணி நேரம் ஓட்டினால் 2,000 பதிவு. இரண்டு பக்கமும் அடித்து நடுவில் மடித்தால் நான்கு பக்கப் பத்திரிகை 1,000 பிரதி. இன்று உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குக்கூட அது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் அன்றைய அரண்மனைகளில் செய்தி என்பது கையால் எழுதிய மடல். ஓர் எழுத்தர் உட்கார்ந்து எழுதினால் நாளுக்குச் சில பிரதிகள். அந்த மடல்களைக் கம்பெனியால் விலைக்கு வாங்க முடியும், எழுதுபவரைக் கண்காணிக்க முடியும். ஒரே நாளில் ஆயிரம் பிரதி வெளியே போய்விட்டால் என்ன செய்வது?

அச்சு எந்திரத்தைத் துப்பாக்கி மாதிரி நடத்துவது அவர்களுக்குப் புதிதும் இல்லை. 1761ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்தபோது, அங்கிருந்த அச்சு எந்திரத்தையும் சென்னைக்குத் தூக்கி வந்தார்கள். வேப்பேரியில் இருந்த பாதிரியார் ஃபப்ரீசியஸிடம் அது போனது, ஒரு நிபந்தனையோடு: அரசாங்க வேலை வந்தால் முதலில் அதை அடித்துக்கொடுக்க வேண்டும்.

கல்கத்தாவில் பிறந்த வெள்ளைக்காரர்

சார்லஸ் மெட்காஃப் 1785 ஜனவரி 30 அன்று கல்கத்தாவில் பிறந்தார். அப்பா வங்கப் படையில் மேஜர், பிறகு கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். பையனைப் படிக்க இங்கிலாந்தில் ஈட்டனுக்கு அனுப்பினார்கள். 16 வயது நெருங்கும்போது, 1801ல், திரும்பக் கல்கத்தா. அதிகாரிகளுக்கு இந்திய மொழிகள் கற்றுத்தர அப்போதுதான் தொடங்கியிருந்த ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவர் இவர்.

23 வயதில் ரஞ்சித் சிங்கிடம் தூது போனார். 1809 ஏப்ரலில் அமிர்தசரஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது, சட்லெஜ் நதி எல்லையானது. 1811ல் டெல்லி ரெசிடென்ட். (டெல்லியில் இருக்கிற மெட்காஃப் ஹவுஸ் இவருடையது என்று பலர் நினைக்கிறார்கள். அது தம்பி தாமஸ் கட்டியது.) பஞ்சாப் பக்கம் பழக்கமான ஓர் இந்தியப் பெண்ணோடு வாழ்ந்து மூன்று மகன்கள். ஆங்கிலேய முறைப்படி திருமணம் எதுவும் இல்லை.

இவரைப் பெரிய ஜனநாயகவாதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனியின் ஆட்சி வாளின் மேல் நிற்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. 1826ல் பரத்பூர் கோட்டையை உடைத்துப் பிடித்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

கோட்டி மாளிகையில் ஒரு கணக்குப் புத்தகம்

1820 கடைசியில் ஹைதராபாத் ரெசிடென்ட்டாக வந்தார். அவர் தங்கிய மாளிகை இன்றும் இருக்கிறது. கோட்டி மகளிர் கல்லூரி என்று நகரத்துக்கே தெரிந்த, இப்போது பல்கலைக்கழகமாகிவிட்ட வளாகத்தில், உயரமான தூண்களோடு நிற்கிற வெள்ளைக் கட்டடம்தான் அது.

வந்ததும் அவர் கண்ணில் பட்டது பாமர் அண்ட் கோ. இது 1814ல் வில்லியம் பாமர் ஹைதராபாத்தில் தொடங்கிய வட்டிக்கடை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். நிஜாம் அரசுக்கே கடன் கொடுத்த வங்கி. பாமரின் அப்பா ஆங்கிலேய ஜெனரல், அம்மா இந்தியப் பெண். பங்குதாரர்களில் ஒருவர் சர் வில்லியம் ரம்போல்ட். அவர் மனைவி கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் வளர்ப்பில் இருந்தவர், மகள் மாதிரி. ரெசிடென்சியில் சம்பளம் வாங்கிய அதிகாரிகள் சிலரும் இதில் பங்குதாரர்கள். நிஜாமின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த சந்துலால் கடன்மேல் கடன் வாங்கிக்கொண்டே போனார். வாங்கியதில் பெரும்பகுதி பிரிட்டிஷ் அதிகாரிகள் நடத்திய நிஜாம் படைகளின் சம்பளத்துக்குப் போனது.

பிரிட்டிஷ் பிரஜைகள் இந்திய மன்னர்களுக்குக் கடன் கொடுக்கக் கூடாது, வட்டி 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருந்தது. பாமர் நிறுவனம் 1816ல் ஹேஸ்டிங்ஸிடம் விலக்கு வாங்கிக்கொண்டது. வட்டி 24 சதவீதம் வரை போனது. ஒரு லட்சம் ரூபாய்க்கு வருடத்துக்கு 24,000. அரசு வருமானத்தைக் கொடுக்கும் விவசாயிதான் கடைசியில் இதைக் கட்டுகிறார். 1820ல் 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு பெரிய கடன் ஒப்புதலானது. அதில் பெரும்பகுதி புதுப் பணமே இல்லை, பழைய கடனைப் புதுப் பெயரில் எழுதியது என்று மெட்காஃப் கணக்கைப் புரட்டிக் கண்டுபிடித்தார்.

அவர் சொன்ன தீர்வு எளிமையானது: கம்பெனியே 6 சதவீத வட்டியில் பணம் திரட்டி, பாமர் கடனை அடைத்துவிடட்டும். ஹேஸ்டிங்ஸுக்குக் கோபம் வந்தது. பாமர் தரப்போ கவர்னர் ஜெனரலின் வீட்டுக்குள்ளேயே செல்வாக்கு உள்ளது. இரண்டு வருடம் கடிதப் போர் நடந்தது. மெட்காஃப் விடவில்லை. 1823ல் ஹேஸ்டிங்ஸ் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் விஷயம் முடிந்தது.

முடிந்த விதத்தைப் பாருங்கள், எண்களோடு பிழைப்பு நடத்துகிற எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம். வட சர்க்கார் மாவட்டங்களுக்காகக் கம்பெனி நிஜாமுக்கு வருடம் 7 லட்சம் ரூபாய் கட்டிக்கொண்டிருந்தது. அந்த வருடாந்திரத் தொகையை 6 சதவீத வட்டிக் கணக்கில் மொத்தமாக்கினால் 1,16,66,666 ரூபாய். அதைக் கொடுத்து பாமர் கடனை அடைத்தார்கள். நிஜாமின் கடன் தீர்ந்தது. கூடவே, காலாகாலத்துக்கும் வரவேண்டிய 7 லட்சமும் போனது. கம்பெனிக்கு நஷ்டமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அடுத்த வருடம், 1824ல், பாமர் அண்ட் கோ திவாலானது.

இத்தனையும் நடந்தது கடிதங்களுக்குள், சீல் வைத்த உறைகளுக்குள். ஹைதராபாத்தில் இதை எழுத ஒரு பத்திரிகை கிடையாது. கஜானாவுக்குப் போன அந்த அச்சு எந்திரம் ஓடியிருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதே 1823, கல்கத்தாவில்

வரலாறு சில சமயம் ஒரே மனிதரைக் கொண்டு இரண்டு விதமாக விளையாடும். ஹேஸ்டிங்ஸ் போனபின் ஏழு மாதம் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ஜான் ஆடம். பாமர் விவகாரத்தில் மெட்காஃபுக்குத் துணை நின்றவர். அவரேதான் அந்த வருடம் கல்கத்தா ஜர்னல் ஆசிரியர் ஜேம்ஸ் சில்க் பக்கிங்ஹாமை நாடு கடத்தினார். அதோடு, லைசென்ஸ் இல்லாமல் யாரும் பத்திரிகை அச்சடிக்கக் கூடாது என்று விதியும் போட்டார். லைசென்ஸ் அரசின் கையில். எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ராஜாராம் மோகன் ராய் எதிர்த்து மனு கொடுத்தார். பலனில்லை. தான் நடத்திய பாரசீகப் பத்திரிகையான மிராத்-உல்-அக்பரை மூடிவிட்டார். அதிகாரிகள் வாசலில் நின்று அனுமதி வாங்கி எழுதுவது அவருக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது.

மெட்காஃப் இந்த விஷயத்தில் நண்பர் பக்கம் இல்லை. 1827ல் கவர்னர் ஜெனரலின் ஆலோசனை சபையில் உறுப்பினரானார். 1830ல் ராணுவ அதிகாரிகளின் படியைக் குறைத்ததில் பெரிய கூச்சல் எழுந்தது. அதைப் பற்றிப் பத்திரிகைகள் பேசவே கூடாது என்று தடை போட பென்டிங்க் நினைத்தார். சபையில் மெட்காஃப் எதிர்த்து எழுதினார். ஆட்கள் மனதில் இருப்பதை வெளியே கொட்டிவிடுவது அரசுக்குத்தான் நல்லது என்பது அவர் வாதம்.

1835 மார்ச்சில் பென்டிங்க் ஊர் திரும்ப, மெட்காஃப் தற்காலிக கவர்னர் ஜெனரலானார். தற்காலிகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நிரந்தரமாக்கப்படலாம், ஆகாமலும் போகலாம். இந்த மாதிரி நாற்காலியில் உட்காருகிறவர்கள் பொதுவாக என்ன செய்வார்கள்? கோப்புகளைத் தள்ளிவைப்பார்கள். இவர் மெக்காலேயை வரைவு எழுதச் சொன்னார். 1835ன் 11வது சட்டம் ஆகஸ்ட்டில் நிறைவேறி, செப்டம்பர் 15 முதல் அமலுக்கு வந்தது.

சட்டத்தின் உள்ளே இருப்பது சின்ன விஷயம்தான். லைசென்ஸ் வேண்டாம். பத்திரிகையை அச்சிடுபவர், வெளியிடுபவர் யார், எந்த இடத்தில் என்று மாஜிஸ்திரேட் முன் ஓர் அறிவிப்பு கொடுத்தால் போதும். அச்சு எந்திரம் வைத்திருப்பவரும் அப்படியே. அச்சாகிற தாளில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். தப்பாக எழுதினால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். கம்பெனி ஆண்ட பகுதி முழுவதற்கும், வெள்ளைக்காரருக்கும் இந்தியருக்கும் ஒரே விதி.

இந்த மாற்றம் எங்கே நடந்தது என்று பாருங்கள். அதுவரை கட்டுப்பாடு தட்டை கீழே இறங்குவதற்கு முன்னால் இருந்தது. இனி இறங்கிய பிறகுதான், அதுவும் பெயர் உள்ள ஒரு மனிதர் மேல். மெட்காஃப் தன் நியாயத்தை மறைக்கவும் இல்லை. மக்களை அறியாமையில் வைத்திருந்தால்தான் ஆட்சி நிற்கும் என்றால், அப்படிப்பட்ட ஆட்சி நாட்டுக்குச் சாபம், அது முடிவதே நல்லது என்ற பொருளில் பேசினார். பரத்பூரை உடைத்த அதே ஆள்.

விலை

லண்டனில் இயக்குநர்கள் கொதித்தார்கள். தற்காலிகப் பொறுப்பில் இருப்பவர், தங்களைக் கேட்காமல், அவசரமே இல்லாத ஒரு விஷயத்தில் கை வைத்துவிட்டார் என்று 1836ல் கண்டனம் வந்தது. 1836 மார்ச்சில் ஆக்லண்ட் பிரபு கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார். மெட்காஃப் ஆக்ராவுக்கு, வடமேற்கு மாகாணங்களின் லெப்டினென்ட் கவர்னராகப் போனார். சென்னை கவர்னர் பதவி காலியானபோது தனக்கு வரும் என்று எதிர்பார்த்தார். 1837ல் எல்ஃபின்ஸ்டன் பிரபு சென்னைக்கு வந்தார். தன் மேல் நம்பிக்கை போய்விட்டதா என்று எழுதிக் கேட்டார். மழுப்பலாக ஒரு பதில். ராஜினாமா. 1838ல் கப்பலேறினார், 37 வருடங்களுக்குப் பிறகு.

கல்கத்தாக்காரர்கள் அவரை மறக்கவில்லை. செப்டம்பர் 15 அன்று சில வருடங்கள் பத்திரிகைச் சுதந்திர விருந்து வைத்தார்கள். ஸ்ட்ராண்ட் ரோட்டில் 1844ல் கட்டி முடித்த மெட்காஃப் ஹாலுக்குள் பொது நூலகம் குடியேறியது.

மிச்ச வாழ்க்கை இந்தியாவுக்கு வெளியே. 1839 முதல் 1842 வரை, அடிமை முறை ஒழிந்த கையோடு கொந்தளித்துக்கொண்டிருந்த ஜமைக்காவில் கவர்னர். 1843ல் கனடாவின் கவர்னர் ஜெனரல். அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்று கேட்ட அமைச்சர்களோடு மோதினார், அவர்கள் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தார்கள். எழுதலாம், பேசலாம், ஆனால் முடிவெடுப்பது நான் என்பதுதான் அவருடைய தாராளவாதத்தின் எல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கன்னத்தில் புற்றுநோய் முகத்தைத் தின்றுகொண்டிருந்தபோதும் 1845 இறுதி வரை பதவியில் இருந்தார். அந்த வருடம் பிரபு பட்டம் கிடைத்தது. 1846 செப்டம்பர் 5ல் இங்கிலாந்தில் காலமானார். வயது 61. பட்டமும் அவரோடு முடிந்தது.

சட்டம் தமிழுக்கு என்ன செய்தது?

1849ல் யாழ்ப்பாணத்திலிருந்து ஆறுமுக நாவலர் சென்னைக்குக் கப்பலேறி வந்தார், அச்சு எந்திரம் வாங்க. சைவ நூல்களையும் பிள்ளைகளுக்கான பாடப் புத்தகங்களையும் தானே அச்சிட வேண்டும் என்பது திட்டம். யாழ்ப்பாணம் வேறு காலனி, அங்கே இந்தச் சட்டம் இல்லை. ஆனால் தனியார் ஒருவர் சென்னைக்கு வந்து, எந்திரத்தை விலை பேசி, ஏற்றிக்கொண்டு போகும் அளவுக்கு அது ஒரு சந்தைப் பொருளாகியிருந்தது. போர்க் கொள்ளைப் பொருளாக இருந்த காலம் போய்விட்டது. பிறகு நாவலர் சென்னையிலும் ஓர் அச்சுக்கூடம் வைத்தார்.

ஆனால் மெட்காஃபின் சட்டத்துக்கு ஒரு கூர்மையான பின்பக்கம் உண்டு. பெயரைக் கொடு, அச்சிட்டுக்கொள் என்றால், அரசுக்கு யாரைப் பிடிப்பது என்று தெரிந்துவிடும். 1857 கிளர்ச்சியின்போது கேனிங் லைசென்ஸை ஒரு வருடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார். 1867ல் வந்த அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம் அந்தப் பெயர் அறிவிப்பு முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. 1908ல் சென்னையில் பாரதியார் எழுதிக்கொண்டிருந்த இந்தியா பத்திரிகை மேல் ராஜதுரோக வழக்கு வந்தபோது, போலீஸ் தேடியது எழுதியவரை அல்ல, பதிவேட்டில் பெயர் இருந்த எம். சீனிவாசனை. சிறைக்குப் போனவர் அவர். பாரதி புதுச்சேரிக்குப் போனார், பத்திரிகையும் அங்கே போனது. 1761ல் எந்திரம் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வந்தது, 1908ல் பத்திரிகை எதிர்த் திசையில் போனது.

ஹைதராபாத்தில் என்ன ஆனது?

இங்கேதான் ஒரு முரண். அந்தச் சட்டம் கம்பெனியின் பகுதிகளுக்கு மட்டும். நிஜாமின் ஹைதராபாத்துக்குப் பொருந்தாது. மெட்காஃப் ஐந்து வருடம் இருந்து கணக்குப் புரட்டிய ஊருக்கு, அவர் கொடுத்த சுதந்திரம் வந்து சேரவே இல்லை. உருது எழுத்து நஸ்தலீக் வடிவில் சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடுவது. அதை ஈய அச்சில் கோப்பது சிரமம் என்பதால் இந்த ஊரின் அச்சு கல் அச்சு வழியாக வளர்ந்தது. காதிப் என்று அழைக்கப்பட்ட எழுத்துக் கலைஞர்கள் கையால் எழுத, அது கல்லுக்கு மாறி அச்சானது. சத்தா பஜாரில் இன்றும் மிச்சமிருக்கும் எழுத்துக் கலைஞர்கள் அந்த வழியில் வந்தவர்கள்.

நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களில், 1947 நவம்பரில், ஷோயபுல்லா கான் என்ற இளைஞர் இம்ரோஸ் என்ற உருது நாளிதழைத் தொடங்கினார். ஹைதராபாத் இந்தியாவோடு சேர வேண்டும் என்று எழுதினார், ரஜாக்கர்களைக் கண்டித்தார். 1948 ஆகஸ்ட்டில் ஓர் இரவு, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் காச்சிகுடா அருகே கொல்லப்பட்டார். எழுதிய கையையும் வெட்டினார்கள். வயது 27. அடுத்த மாதம் இந்திய ராணுவம் நகரத்துக்குள் வந்தது.

1867 சட்டம் 2024 மார்ச் 1 வரை உயிரோடு இருந்தது. அன்றைக்குத்தான் பருவ இதழ்களுக்கான புதிய பதிவுச் சட்டம் அமலுக்கு வந்து, மாஜிஸ்திரேட் முன் போய் நிற்கும் வேலையை ஆன்லைன் பதிவாக்கியது. தேர்தல் சுவரொட்டிகளுக்கு வேறு சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. அதிலும் அதே விதிதான். அடுத்த தேர்தலில் கோட்டி சிக்னலில் வண்டி நிற்கும்போது சுவரொட்டியின் அடி ஓரத்தைப் பாருங்கள். தலைவர் படத்துக்குக் கீழே, கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய சின்ன எழுத்தில், அச்சிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கும்.